மூன்றாம் அறையில் மல்லிகை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. திண்டுக்கல்லில் என் அம்மாவை யாராவது கேட்டால், "டெல்லில ஒரு லேப்புல இருக்கா" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். என் கணவர் தன் அலுவலகத்தில் "கெமிக்கல் கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மை என்னவென்றால் நான் கக்கூஸ் நாற்றத்தை மோந்து பார்த்து மதிப்பெண் போடுகிறேன். மாதம் பிறந்தால் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டெல்லி ஓக்லாவில் இருக்கிறது எங்கள் இடம். கழிப்பறை கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், சுவரில் மாட்டும் வாசனைப் பெட்டி என்று கடையில் விற்கிற எல்லாவற்றுக்கும் வாசனை தயாரித்துக் கொடுக்கிற கம்பெனி. அந்த வாசனை நாற்றத்தை எவ்வளவு தூரம் மறைக்கிறது என்று பார்க்க ஒரு நீளமான ஹாலில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கம்மோடு. கதவில், முகம் வைக்கிற உயரத்தில், ஒரு சின்ன ஜன்னல். காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே உள்ளே நாற்றத்தையும் வாசனையையும் வைத்து மூடிவிடுவார்கள். நாற்றம் என்றால் நிஜமான சமாச்சாரம் இல்லை, பயப்பட வேண்டாம். அதையும் லேபிலேயே செய்கிறார்கள். ஒரு சின்னப் புட்டியில் அடைத்து, அந்தப் புட்டியை இன்னொரு டப்பாவில் அடைத்து, தனி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். நிஜத்தைவிட அது மோசம், ஏனென்றால் அதில் வேறு எதுவும் கலக்காது.

ஒரு அறையில் நாற்றமும் வாசனையும் சேர்ந்து இருக்கும். இன்னொன்றில் நாற்றம் மட்டும். வேறொன்றில் வெறும் வாசனை மட்டும். எது எதில் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஜன்னலைத் திறந்து, ஒரு மூச்சு இழுத்து, மூடிவிட்டு, நாற்றம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கையிலிருக்கும் டேப்லெட்டில் தட்ட வேண்டும். பிறகு நம் முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து மோந்து, மூக்கைச் சமன் செய்துகொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். நம் தோலின் வாசனை நமக்குத் தெரியாது என்பதால் அதுதான் எங்களுக்குப் பூஜ்யம்.

அந்தத் தோல் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் போட்டிருக்கும் சட்டதிட்டங்களைக் கேட்டால் எந்தத் தமிழ்ப் பெண்ணும் இரண்டாம் நாளே ஓடிவிடுவாள். வாசனை சோப்பு கூடாது. தேங்காய் எண்ணெய் கூடாது. பவுடர் கூடாது. காலையில் காபி கூடாது. பெருங்காயம் போட்ட எதையும் முந்தின ராத்திரியே நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. பூ வைக்கக் கூடாது. அன்றைக்கு மட்டுமில்லை, முந்தின நாளும் கூடாது, வாசனை தலைமுடியில் தங்கிவிடும் என்று. சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வைத்தால் திங்கட்கிழமை மாட்டிக்கொள்வேன். திண்டுக்கல்லில் கறிவேப்பிலை வாங்குவதுபோலப் பூ வாங்கிய வீட்டில் பிறந்தவள் நான். இந்த வேலையில் சேர்ந்த பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பூ வைத்துக்கொண்டேன்.

இந்தச் சட்டம் பொருந்தாத ஒரே ஆள் எங்கள் பேனலின், அதாவது மோந்து பார்க்கிற குழுவின், லீடர். அவர் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி. லீடர் மோந்து பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடி போட்ட தனி அறையில் உட்கார்ந்து, நாங்கள் தட்டும் மதிப்பெண்களைத் திரையில் பார்த்து, யார் மூக்கு எப்படி வேலை செய்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவர் வேலை. அவர் ரோஜா அத்தர் பூசிக்கொண்டு வருவார். முள்ளங்கிப் பராட்டாவும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். இந்தப் பக்கம் நாங்கள் உப்புப் போட்ட ரொட்டியை மென்றுகொண்டிருப்போம். ஆன்ட்டி கனடாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டால் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் பல காலமாக மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தக் கண்ணாடி அறையில் முதல் நாள் எவ்வளவு பூ வைத்துக்கொண்டு உட்காருவேன் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் ஓரகத்தி வந்தாள்.

என் கொழுந்தனின் மனைவி. புசா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் கீழ்த்தளத்திலும் அவர்கள் மாடியிலும் குடியிருக்கிறோம். அவள் டெல்லியிலேயே பிறந்தவள். கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, மந்திர் மார்க்கில் உள்ள பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். குர்கானில் போன் பேசுகிற வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பேனலில் ஒரு ஆள் குறைந்தபோது நானே வாயைத் திறந்து, "வந்து பாரேன், சும்மா மோந்து பாக்குற வேலைதான்" என்று கூப்பிட்டேன். அந்த வாயை நான் திட்டாத நாள் இல்லை.

சேருவதற்கு முன் ஒரு தேர்வு உண்டு. வாசனை தோய்த்த மூன்று காகிதக் குச்சிகளைத் தருவார்கள், அதில் எது வேறு என்று சொல்ல வேண்டும். போகப் போக வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். எல்லோரும் ஒரு இடத்தில் திணறுவார்கள். நானும் திணறியிருக்கிறேன். இவள் முதல் குச்சியை எடுத்தாள், இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை மூக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே, "யே வாலா" என்று தனியாக எடுத்து வைத்தாள். கடைசிவரை அப்படித்தான். வாசனைகளைத் தயாரிக்கும் எங்கள் ஸார், லக்னோக்காரர், எதற்கும் சிரிக்காத மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "க்யா நாக் ஹை!" என்றார், என்ன மூக்கு இது என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கிருந்து பிடித்தீர்கள் இவரை?" என்று கேட்டார். நான் பல்லைக் காட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது.

என் மூக்கைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "நன்று, நன்று" என்பார், அவ்வளவுதான். சம்பாதித்த மூக்கு என்னுடையது. வந்த புதிதில் எனக்குப் பாதி வாசனை பிடிபடவில்லை. மிளகை நசுக்கி மோந்தும், கண்ணை மூடிக்கொண்டு வீட்டு மசாலா டப்பாக்களைத் திறந்து பார்த்தும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிய மூக்கு. குளிர்காலத்தில் டெல்லிப் புகை வந்தால் அடைத்துக்கொள்ளும். தினமும் விடிந்ததும் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி அதை வேலைக்குத் தயார் செய்வேன். இவள் அந்தப் புகையிலேயே பிறந்தவள். ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது இவள் மெட்ரோவிலிருந்து இறங்கி, "அக்கா, யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க பாருங்க" என்பாள். நடைமேடையின் அந்தக் கோடியில் ஒரு ஆள் உரித்துக்கொண்டிருப்பான்.

வேலையோடு போயிருந்தால் பரவாயில்லை. அது வீட்டுக்கும் வந்தது. பால் திரியப்போகிறது என்று இவள் சொன்னால் சாயங்காலம் திரிந்தது. மாடியில் இருந்துகொண்டே, "அக்கா, கடுகு கருகுது" என்று குரல் கொடுப்பாள். கருகப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். ஒருமுறை பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்ததை இவள்தான் கண்டுபிடித்தாள். அதிலிருந்து சந்து முழுக்க இவளுக்கு மரியாதை. என் கொழுந்தன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெண்டாட்டி மூக்கைப் பற்றியே பேசினான். கொழுந்தன் பேசியதில் தப்பில்லை, அவன் பெண்டாட்டி. என் கணவர் ஏன் பேச வேண்டும்?

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அவ மூக்கு சாதாரண மூக்கு இல்ல, தெரியுமா?" என்றார்.

"என் மூக்கு?"

"உன் மூக்குக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. மூக்குத்தி எடுப்பா இருக்கு" என்றார்.

அன்றைக்கு அவருக்கு நான் மோர் ஊற்றவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியவும் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததே இல்லை. அதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவாள். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் என்னைத்தான் உட்கார வைப்பாள். நான் உட்கார்ந்துகொண்டு அவள் மூக்கைப் பார்ப்பேன். சின்ன மூக்கு. என்னுடையதில் பாதிகூட இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் வெயில் ஆரம்பித்த சமயத்தில் ஆன்ட்டிக்கு விசா வந்தது. எங்களுக்கு லட்டு கொடுத்தார். வாசனையில்லாத லட்டு, எங்களுக்காக ஏலக்காய் போடாமல் செய்தது. லீடர் யார் என்பதை அடுத்த பெரிய டெஸ்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக ஸார் சொன்னார். யாருடைய மதிப்பெண் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கிறதோ, அவர்தான் மற்றவர்கள் மூக்கைச் சரிபார்க்க முடியும் என்றார். பேனலில் எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். மற்றவர்கள் போட்டியிலேயே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் நான் விரதம் இருப்பவளைப்போல இருந்தேன். தயிர் சாதத்தில் தாளிப்பு இல்லை. தலைக்கு வெறும் தண்ணீர். சாமி அலமாரியில் ஊதுபத்தியை நிறுத்திவிட்டு விளக்கு மட்டும் ஏற்றினேன். மாடியிலோ பாவ் பாஜி செய்து சாப்பிட்டார்கள். வெங்காயமும் வெண்ணெயும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தன. "ஒனக்குப் பயமே இல்லையாடி?" என்று கேட்டேன். "குளிச்சா போயிடும் அக்கா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க" என்றாள். இந்த அலட்சியத்தோடு போகிறவள் நிச்சயம் சறுக்குவாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. சறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

தெற்குப் பக்கத்து ஊர்களில் விற்பதற்காக வந்திருந்த வாசனை அது. என்ன பூ என்று எங்களிடம் சொல்லவில்லை. முதல் அறையில் ஜன்னலைத் திறந்ததும் நாற்றம் மட்டும் அறைந்தது. எட்டு போட்டேன். இரண்டாம் அறையில் ஏதோ இனிப்பாக, மெலிதாக, குழந்தைகள் பவுடர் மாதிரி ஒரு வாசனை. பூ என்றால் பூ, இல்லையென்றால் இல்லை. நாற்றம் இல்லை. பூஜ்யம் போட்டேன்.

மூன்றாம் அறையின் ஜன்னலைத் திறந்தேன்.

மல்லிகை. பவுடர் இல்லை, புட்டி இல்லை, மல்லிகை. சாயங்காலம் வாங்கி வைத்த சரம், ராத்திரி பஸ்ஸில் கசங்கி, வியர்வையோடு சேர்ந்து, பிடரியில் கனமாகத் தொங்குமே, அந்த வாசனை. ஒரு மூச்சுதான் இழுக்க வேண்டும் என்பது சட்டம். நான் இரண்டாவது மூச்சும் இழுத்தேன். என் கை தானாகப் பின்னால் போய் வெறும் பின்னலைத் தொட்டது. இதில் நாற்றம் எங்கே இருக்கிறது? நாற்றத்துக்குப் பூஜ்யம் போட்டேன். ஜன்னலை மூட மனமில்லாமல் மூடினேன்.

முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பின்னால் வந்த என் ஓரகத்தி அதே ஜன்னலைத் திறந்தாள். திறந்த வேகத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். கண்ணில் தண்ணீர். முகத்தைச் சுளித்துக்கொண்டு, டேப்லெட்டில் மேலே எங்கோ, எட்டிலோ ஒன்பதிலோ தட்டினாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மல்லிகைப் பூவை நாற்றம் என்கிறாள்! பாவ் பாஜி வேலையைக் காட்டிவிட்டது! மற்ற அறைகளில் நான் என்ன மோந்தேன் என்றே நினைவில்லை. மெட்ரோவில் திரும்பி வரும்போது இடம் கிடைத்தது. அன்றைக்கு நான் அவளை உட்கார வைத்தேன்.

வீட்டுக்கு வந்து நெய் ஒழுகக் கேசரி கிண்டினேன். ஏலக்காய், முந்திரி, பச்சைக் கற்பூரம்கூடக் கிள்ளிப் போட்டேன். "என்ன விசேஷம்?" என்றார் கணவர். "ஒண்ணும் இல்ல, தோணுச்சு" என்றேன். மாடிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். தோற்கப் போகிறவளுக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் ஸார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"ஜி, மூன்றாம் அறைக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்."

"ஆமாம் ஸார். அது வெறும் வாசனை வைத்த அறைதானே?"

"இல்லை. வெறும் வாசனை இரண்டில் இருந்தது. மூன்றில் அதே வாசனையோடு நாற்றமும் இருந்தது. எல்லா அறைகளையும்விட அதிகமாக அங்கேதான் போட்டிருந்தேன்."

அவர் என்னை உட்காரச் சொன்னார். இந்தப் பூவில் இயற்கையாகவே ஒரு சரக்கு கொஞ்சம் உண்டு, அதேதான் மலத்திலும் உண்டு என்றார். அது இல்லாமல் பூ பூவாக இருக்காது. இவர் செய்த வாசனையில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தார். கழிப்பறைக்குப் போகிற பொருளில் அதை யார் சேர்ப்பார்கள்? அதனால்தான் இரண்டாம் அறையில் பவுடர் மாதிரி இருந்தது. மூன்றாம் அறையில் வைத்த நாற்றம் போய் அந்தக் குறையை நிரப்பிவிட்டது. "உங்கள் மூக்கில் பூ முழுமையாகிவிட்டது. பேனலில் வேறு யாருக்கும் அப்படி ஆகவில்லை. எனக்கு இது ரொம்ப உபயோகமான தவறு" என்றார். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அந்தத் தவறை வைத்து ஒரு புது வாசனையே செய்யப் போவதாகச் சொன்னார்.

"அவ எவ்வளவு போட்டிருந்தா?" என்று கேட்டேன். பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டு மறுபடி ஹிந்தியில் கேட்டேன்.

"ஒன்பது. சரியாக ஒன்பது" என்றார்.

நாற்காலி யாருக்கு என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எத்தனை காலம் பூ வைக்காமல் இருந்தேனோ அத்தனையும் சேர்ந்து அந்த ஜன்னலில் என் காலை வாரிவிட்டது. பூவை மறந்தவளாக இருந்திருந்தால் நாற்றத்தைக் கண்டுபிடித்திருப்பேன். பூ வைக்கும் உரிமைக்காகத்தான் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டேன், அந்தப் பூவே அதைப் பறித்துக்கொண்டது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "விடு, நம்ம வீட்டுக்குள்ளதான வந்துருக்கு" என்றார். இதைவிட மோசமான ஆறுதலை உலகத்தில் எந்தப் புருஷனும் சொல்லியிருக்க மாட்டான். மாடியிலிருந்து கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே நான்கு ரசகுல்லா இருந்தது. நான் தொடவில்லை.

அவள் கண்ணாடி அறைக்குப் போன முதல் நாள் காலை நாங்கள் வழக்கம்போலச் சேர்ந்துதான் கிளம்பினோம். மெட்ரோவில் அவள் பின்னலைப் பார்த்தேன். மொட்டையாக ஒரு ரப்பர் பேண்டு. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. பசித்தவனுக்கு முன்னால் ஒருத்தி சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

"ஏண்டி, பூ வச்சுட்டு வர வேண்டியதுதான? இனிமே ஒனக்கு ஒரு ரூல்ஸும் கெடையாதுல்ல" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

"எனக்கா? ஐயோ, வேணாம் அக்கா. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மல்லிப்பூ பிடிக்காது. அம்மா வெச்சி விட்டா ஸ்கூல் பஸ்ல ஏறினதும் தூக்கிப் போட்டுருவேன்."

"மல்லிப்பூ பிடிக்காதா?"

"அதுல எப்பவும் ஒரு டாய்லெட் ஸ்மெல் வருமே அக்கா. அடில, லேசா. கல்யாணத்துல எல்லாம் எல்லாரும் வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க, எனக்குக் குமட்டும். யாராவது எதாவது நெனச்சிப்பாங்கன்னு சொன்னதே இல்ல. உங்களுக்கு வராதா?"

நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை. ஸார் ஒரு அலமாரி நிறையப் புட்டிகளை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஸ்கூல் பஸ்ஸில் கண்டுபிடித்திருக்கிறாள். நான் பிறந்ததிலிருந்து தலையில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. "எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். காபி குடிக்கவில்லை, அத்தர் பூசவில்லை, ஊறுகாய் கொண்டுவரவில்லை. ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு எங்கள் மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்திருந்தால் அந்த அறை மணத்துக் கிடந்திருக்கும். அவளிடம் அது வீணாகப் போகிறது என்று நினைக்க நினைக்க ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். வாசலில் பூ விற்கிற அம்மா சேலத்துக்காரர். ஈரத் துணியை விலக்கினால் உள்ளே நல்ல கனத்த சரம். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, தீபாவளிக்குத்தான வாங்குவீங்க?" என்றார். "இன்னைக்கி வைக்கணும்" என்றேன். நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது. இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் ஸாருக்கு எழுதி அனுப்பப் போகிறவள் என் வீட்டு மாடியில்தானே இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன்.

பூ வந்தது. முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு அதற்கு அடியில், லேசாக, அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே, மூன்றாம் அறை வந்தது. கம்மோடும் கதவும் சின்ன ஜன்னலும் எல்லாமும் வந்தன. சரத்தைத் தள்ளிப் பிடித்தேன். முழங்கையை மோந்துவிட்டு மறுபடி மோந்தேன். போகவில்லை. இனிப் போகாது என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். ஒன்றை ஒருமுறை பிரித்து மோந்துவிட்ட மூக்கு அதை மறுபடி சேர்த்து மோந்து பார்க்காது. நாற்காலியை எடுத்துக்கொண்டாள், சரி. அவளுக்கு வேண்டாத பூவையும் எதற்கு எடுத்துக்கொண்டாள்?

சரத்தை முழுவதுமாகத் தலையில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஹேர்பின் குத்தினேன். மாடிப்படி ஏறிப் போய் அவள் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவளின் மூக்கு லேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான், உடனே சிரித்துவிட்டாள். நாளைக்கு டெஸ்ட் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரொம்ப அழகா இருக்கு அக்கா. வாங்க, சாய் போடறேன்" என்றாள்.

"போடு, ஜல்தி இல்ல" என்றேன். அவளுடைய சின்னச் சமையலறையில், காற்று வருகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தலையிலிருந்து வீசுவது எனக்கும் வந்தது. அவளுக்கு எவ்வளவு வரும் என்றும் தெரியும். இரண்டு பேரும் நாற்றம் இல்லாததுபோலவே பேசிக்கொண்டிருந்தோம். பூ வாடுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.